முழங்காலிடம் கேட்டுவிட்டு உதையுங்கள்

ரீச்சர் பதில்கள்

நாற்பது தாண்டியவர்களும் தற்காப்புக் கலை பழகலாம் என்று போன இதழில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. பாதிக் கடிதங்களில் கேள்வி ஒன்றே, 'எனக்கும் சரிவருமா ரீச்சர்?' அவற்றை ஒன்றாக்கிவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன். வன்னியில் ஊரையும் வயதையும் சொன்னாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்பதால் அவற்றையும் அங்கங்கே மாற்றியிருக்கிறேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் உடற்கல்வி ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் கராத்தே பழக்குகிறேன். சிலம்பத்தில் நான் இன்னும் மாணவிதான். டாக்குத்தர் இல்லை. டாக்குத்தரிடம் போகவேண்டிய இடத்தில் போகச் சொல்லுவேன், அதற்குக் கோபிக்கக்கூடாது.

கேள்வி: இருபது வயசில வவுனியாவில கராத்தே பழகி பிரவுண் பெல்ட் வரைக்கும் போனன். இடப்பெயர்வு, கலியாணம், வயல் எண்டு எல்லாம் விட்டுப்போச்சு. இப்ப 47. மகனை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளியில நிண்டு பார்க்கேக்க எனக்குக் கால் துடிக்குது. திரும்பத் தொடங்கலாமோ? மனுசி, 'நாரி முறிஞ்சா நான் பார்க்கமாட்டன்' எண்டு சிரிக்கிறா. – விவசாயி, பரந்தன்

பதில்: தொடங்குங்கள் தம்பி. ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: 47 வயதில் புதிதாகப் பழக வருகிறவரைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. முன்பு பழகி விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவரைக் கண்டால்தான் பயம். புதியவருக்கு உதைக்கத் தெரியாது, அதனால் மெல்ல உதைப்பார். உங்களுக்கோ எல்லாம் ஞாபகம் இருக்கிறது. 'மாய் கெரி' (முன் உதை) என்று சத்தம் வந்தவுடன் இருபது வயதுக் கால் மேலே போகும். அதை இழுத்துப் பிடிக்கவேண்டியது 47 வயதுத் தொடைத் தசை.

உடம்பு திரும்பி வருவதில் ஒரு வரிசை உண்டு. மூச்சு முதலில் வரும். சில கிழமைகளிலேயே களைப்புக் குறைந்துவிடும். தசைக்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும். தசையை எலும்போடு பிணைக்கிற நாண்கள் எல்லாவற்றுக்கும் பிந்தித்தான் வரும், பல மாதம் எடுக்கும். ஆகவே ஆபத்தான காலம் முதல் கிழமை இல்லை. முதல் கிழமையில் எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் 'பழைய ஆள் திரும்பிட்டான்' என்று எல்லோரும் முதுகில் தட்டும்போதுதான் குதிநாணும் தோள்மூட்டும் போகும். முதல் மூன்று மாதம் உதை இடுப்புக்கு மேலே போகவேண்டாம், பாய்ச்சல் வேண்டாம், காற்றில் முழுவேகத்தில் கையைச் சொடுக்கி நீட்டவேண்டாம். முழங்கை மூட்டு அந்தச் சொடுக்கை மறக்காது.

கிழமைக்கு இரண்டு வகுப்புப் போதும். இடையில் வீட்டில் கொஞ்சம் காட்டா (தனியாகச் செய்யும் அடிவரிசை), கொஞ்சம் உடல்வலுப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வளர்ந்தவர்களுக்குச் சொன்ன அளவு கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உடலுழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. வயல்காரருக்கு முதற்பாதி வரம்பிலேயே முடிந்துவிடும். இரண்டாம் பாதி முடியாது, ஏனென்றால் மண்வெட்டி எந்நாளும் ஒரே தசையைத்தான் கேட்கும். முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 வீதம் வரை தசை குறையும் என்கிறார்கள். பயிற்சி இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாமலே அது போய்க்கொண்டிருக்கும்.

இன்னொன்று. வயல் வேலையையும் பயிற்சிக் கணக்கில் சேர்க்கவேண்டும். மாசியில் காலபோக அறுவடைக்கு நெல் மூட்டை ஏற்றிவிட்டு அதே மாலை வகுப்புக்கு வந்து நாரி பிடித்துப்போனவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தக் கிழமைகளில் வகுப்புக்கு வாருங்கள், காட்டாவை மெல்லச் செய்யுங்கள், மகன் குத்துவதற்கு மிட் பிடியுங்கள், போங்கள். விதைப்பு, அறுவடை இரண்டுக்கும் பயிற்சியைக் குறைக்கிறவர்தான் வருசக் கடைசியில் இன்னும் வகுப்பில் நிற்பார்.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் அளவுகோல் மறுநாள் காலைதான். எழும்பிக் கிணற்றடிக்கு நடக்கையில், குந்தி எழும்புகையில் வழமைபோல் இருந்தால் நேற்றுச் செய்தது சரி. தசை கொஞ்சம் இறுகியிருக்கலாம். மூட்டில் நோ இருந்தால் நேற்றுக் கூடிப்போய்விட்டது, அடுத்த வகுப்பில் குறைக்கவேண்டும். வகுப்பு முடிந்த கையோடு எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. அந்த நேரத்தில் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

தொடங்குமுன் ஒருநாள் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் பார்த்துவிடுங்கள். ஓய்வாக இருக்கும்போதே பிரஷர் 180க்கு 110ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, டாக்குத்தரிடம்தான் போகவேண்டும். பயிற்சியின்போது நெஞ்சை அமத்துவதுபோல் நோ, அது தோளுக்கோ தாடைக்கோ ஏறுவது, குளிர்ந்த வியர்வை என்றால் 'வாயு' என்று சொல்லி இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்காமல் 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

மனுசிக்கு ஒரு தகவல்: தோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், பெண்களுக்கான காட்டாவில் தங்கம் எடுத்த ஸ்பெயின்காரி சன்ட்ரா சான்செஸுக்கு அப்போது 39 வயது. மனுசியையும் வகுப்புக்குக் கூட்டிவாருங்கள், சிரிப்பதை உள்ளே நின்று சிரிக்கட்டும்.

கேள்வி: வயது 51, ஆசிரியர். சொட்டோகான் கராத்தே பழகுகிறேன். முன்நிலையில் தாழ நிற்கச் சொல்கிறார் சென்செய் (பழக்குபவர்). கொஞ்சநேரம் நின்றால் வலது முழங்கால் சிரட்டைக்குக் கீழே குத்துகிறது. படி இறங்கும்போதும் நோ. விட்டுவிடவா? – மல்லாவி

பதில்: விடவேண்டாம் சேர். உயரமாக நில்லுங்கள்.

இது ஏமாற்று வேலை என்று நினைப்பீர்கள், அதனால் கொஞ்சம் பழைய கதை. சொட்டோகானுக்கு மூலவரான கிச்சின் புனாகொஷி 1922இல் ஒக்கினாவாவிலிருந்து தோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைக் காட்டினார். அந்தக் காலத்துப் படங்களைத் தேடிப்பாருங்கள். அவர் நிற்பது இன்றைக்கு நாம் நிற்பதைவிட நல்ல உயரம். நீளமாகவும் தாழவும் நிற்கும் வழக்கம் 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அவருடைய மகன் யொஷித்தாக்காவின் காலத்தில்தான் ஓங்கியது. பல்கலைக்கழக இளந்தாரிமாரோடு பழகிய, பழக்கிய மனிதர் அவர். காசநோயில் 1945இல் போகும்போது நாற்பதுகூட ஆகவில்லை. தகப்பன் 88 வயதுவரை இருந்து 1957இல் காலமானார். இளந்தாரிகளின் தொடைக்காக நீட்டிய நிலையை 51 வயது முழங்கால் ஏற்கவில்லை என்றால் அது முழங்காலின் குற்றம் இல்லை. இதை சென்செய்யிடம் வாதமாக எடுத்துச் சொல்லவேண்டாம். 'முழங்கால் வருத்தம், ஒரு சாண் உயர்த்தி நிற்கிறேன்' என்றால் போதும். அதற்கும் ஏசுகிற சென்செய்யை மாற்றலாம்.

உயரத்தைவிட எனக்குப் பெரிய கவலை திரும்புதல். நம்முடைய மண்டபங்களில் பாய் இல்லை, சீமெந்துத் தரை. வெறுங்கால் வியர்வையோடு சீமெந்தில் ஒட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பிவிடும். இடையில் அகப்படுவது முழங்கால். காட்டாவில் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் முதலில் பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றுங்கள், பாதத்தைத் திருப்புங்கள், அதற்குப் பிறகு இடுப்பு வரட்டும். மவாஷி கெரி (சுழற்றி அடிக்கும் உதை) அடிக்கும்போது நிற்கிற காலின் குதி எதிரியைப் பார்க்கும் அளவுக்குப் பாதம் திரும்பவேண்டும். இது ஒன்றைச் சரிசெய்தே பலருக்கு முழங்கால் நோ பாதியாகக் குறைந்தது. முன்நிலையில் முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று பாருங்கள். பெருவிரலுக்கு அடுத்த விரலின் நேருக்கு அது நிற்கவேண்டும். மண்டியிட்டுக் குதியில் அமர்வதை விடுங்கள், கதிரையில் இருந்தே வணங்கலாம்.

பிறகு வலுப்படுத்துதல். கதிரையில் இருந்து கையூன்றாமல் மெல்ல எழும்பி, அதைவிட மெல்ல அமருங்கள். பத்துத் தரம், மூன்று சுற்று. அது இலேசாகிவிட்டால் வீட்டுப் படியில் ஒரு காலில் நின்று மற்றக் குதி நிலத்தைத் தொடும்வரை மெல்ல இறங்கி ஏறுங்கள். ஒன்றுவிட்டொருநாள். பத்தில் மூன்று அளவு நோ செய்யும்போது இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலை அடங்கியிருக்கவேண்டும்.

எண்ணெய் பூசுவது சுகமாக இருக்கும், பூசுங்கள். வீங்கிய முழங்காலை மட்டும் யாரையும் இழுத்துப்பிடிக்க விடாதீர்கள். வீக்கம், மடக்க முடியாமல் பூட்டிக்கொள்வது, நடக்கையில் சட்டென்று விட்டுக்கொடுப்பது, இவற்றில் ஒன்றிருந்தாலும் மாவட்ட வைத்தியசாலையில் காட்டி இயன்மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் அனுப்புவார்கள்.

கேள்வி: வகுப்புக்குப் போகமுன் ஒரு டைக்ளோபெனாக் போட்டால் நோ தெரியாமல் பழகலாம் என்று கூடப் பழகும் ஒருவர் சொன்னார். சரியா? – செட்டிகுளம்

பதில்: பிழை. நோவை மறைத்துவிட்டு அதே மூட்டில் அடிப்பதற்கு எதற்கு வகுப்பு? அதைவிடப் பெரிய விசயம் சிறுநீரகம். அந்த வகைக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் இன்னும் கூட. மதவாச்சி, பதவியாப் பக்கமும் வவுனியாவிலும் சிறுநீரக நோய் எத்தனை கமக்காரக் குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிரஷர் குளிசை பாவிப்பவர்கள் டாக்குத்தரைக் கேளாமல் தொடவே கூடாது.

கேள்வி: எனக்கு 49. இரண்டு பிள்ளைகள். மகளோடு சேர்ந்து வகுப்புக்குப் போகிறேன். மாதவிடாய் நிற்கும் காலம். துள்ளும்போதும் கியாய் சத்தம் போடும்போதும் கொஞ்சம் சிறுநீர் கசிகிறது. வெட்கமாக இருக்கிறது. இதை எங்கே கேட்பது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன். – வவுனியா

பதில்: எழுதியது நல்லது தங்கச்சி. எங்கள் வகுப்பில் பிள்ளை பெற்ற பெண்களிடம் தனியாகக் கேட்டால் பலர் 'எனக்கும்தான்' என்பார்கள். அதனால்தான் பலர் காரணம் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள்.

இடுப்புக்குழியின் அடித்தசை தளர்ந்திருக்கிறது. அதையும் மற்றத் தசைபோலப் பழக்கலாம். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்ளுக்கு இழுத்துப் பிடியுங்கள். முடிந்த அளவு, பத்து விநாடிவரை. விட்டு ஓய்வெடுத்து மறுபடியும். பத்துத் தரம் செய்தால் ஒரு சுற்று, ஒருநாளைக்கு மூன்று சுற்று. மூச்சை அடக்கவேண்டாம், பின்பக்கத்தை இறுக்கவேண்டாம். பஸ்ஸில் இருந்தும் செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது. மாற்றம் தெரிய மூன்று மாதம் பிடிக்கும். அதோடு ஒரு சிறு தந்திரம்: கியாய்க்குச் சற்று முன்பு அந்தத் தசையை இறுக்கிவிட்டுப் பிறகு சத்தத்தை விடுங்கள். அடைத்து வைத்த மூச்சைக் கீழே தள்ளாமல் வாயால் வெளியே விடவேண்டும். இது பழகினால் குத்தும் நன்றாக வரும், அது வேறு கதை.

துள்ளலை இப்போதைக்கு அடி மாற்றி வைத்துச் செய்யுங்கள். துள்ளாமல் விட்டால் எலும்புக்குக் கூடாதே என்று யாராவது சொன்னால், நின்று பாரம் தாங்கும் எல்லாப் பயிற்சியும் எலும்புக்கு நல்லதுதான். மாதவிடாய் நின்ற பின் சில ஆண்டுகள் எலும்பு வேகமாகத் தேயும், ஆகவே இந்த நேரத்தில் வகுப்பை விடுவது நட்டம். மூன்று மாதத்தில் குறையாவிட்டாலோ, கீழே ஏதோ இறங்குவதுபோல் இருந்தாலோ பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள். கறுப்புக் காற்சட்டை போட்டுப் பழகலாமா என்று சென்செய்யிடம் கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. எங்கள் மண்டபத்தில் பெண்கள் விரும்பிய நிறத்தில் போடலாம்.

கேரளத்தில் வடகரையில் மீனாட்சி அம்மா என்று ஒரு களரி ஆசான் இருக்கிறார். ஏழு வயதில் தொடங்கியவர். எழுபதைத் தாண்டி வாளும் கேடயமுமாகப் பழக்கிக்கொண்டிருந்தபோதுதான், 2017இல், பத்மஸ்ரீ விருது அவரிடம் வந்தது. அவர் சேலையில் நின்று பழக்குவதைப் பார்த்தால் உங்கள் மகள் உங்களை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

கேள்வி: 46 வயது. மாமாவிடம் சின்னனில் சிலம்பம் பழகினேன். 2009இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, செயற்கைக் கால் போட்டிருக்கிறேன். வலது தொடையிலும் முதுகிலும் ஷெல் துண்டுகள் இருக்கு. எடுக்கேலாது என்று விட்டுவிட்டார்கள். திரும்பக் கம்பு எடுக்க ஆசை. – புதுக்குடியிருப்பு

பதில்: எடுங்கள் தம்பி. கையும் தோளும் இடுப்பும் இருக்கிறது, மாமா சொல்லித்தந்தது உள்ளே இருக்கிறது. முதலில் கதிரையில் இருந்துகொண்டே வீச்சுகளைத் திரும்பக் கையில் எடுங்கள். முன்வீச்சு, பின்வீச்சு, இரு பக்கமும். கூரைத் தகரத்தில் படாத இடமாகப் பாருங்கள். கனத்த மூங்கிலை விட்டு இலேசான பிரம்பாக, நெற்றி உயரத்துக்கு எடுங்கள். கனத்த கம்பு நடுவயதில் முதலில் முழங்கையில்தான் கைவைக்கும்.

காலடிக்கு வரும்போது நாலு பக்கமும் சுற்றி ஆடும் அடியை விட்டு, நேர்கோட்டில் முன்னும் பின்னும் வைக்கும் அடியில் தொடங்குங்கள். செயற்கைக் காலில் கணுக்கால் உங்கள் சொல்லைக் கேட்காது. அந்தக் காலை அச்சாக வைத்துத் திரும்பினால் எஞ்சிய கால் குழிக்குள் உரசும். திரும்புவதெல்லாம் வலது காலில். அப்புறம் அந்த வலது கால் இரண்டு ஆளின் வேலையைச் செய்கிறது என்பதை மறக்கவேண்டாம். பதினேழு வருசத்துக்குக் கிட்ட அது அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறது. மேலே மல்லாவி சேருக்குச் சொன்ன கதிரைப் பயிற்சியைச் செயற்கைக் காலோடு இரண்டு காலிலும் பாரம் வைத்து நீங்களும் செய்யுங்கள்.

வியர்வைதான் உங்களுக்குப் பெரிய எதிரி. பயிற்சிக்கு நடுவில் காலைக் கழற்றித் துடைத்து, காய்ந்த சொக்ஸ் மாற்றிப் போடுங்கள். முடிந்த பிறகு தோலைப் பாருங்கள், பின்பக்கத்துக்குச் சின்னக் கண்ணாடி பிடியுங்கள். சிவப்புப் பத்து நிமிடத்துக்கு மேலும் மறையாமல் நின்றாலோ கொப்புளம் வந்தாலோ தோல் ஆறும்வரை கதிரைப் பயிற்சி மட்டும். கால் தளர்ந்தோ இறுகியோ இருந்தால் கால் செய்து தந்த இடத்தில் காட்டிச் சரிசெய்யுங்கள். துணி அடைத்துச் சமாளிக்கும் வழக்கம் நம்மூரில் அதிகம். கம்பு ஆடும் காலுக்கு அது உதவாது.

ஷெல் துண்டுகளைப் பற்றி: பல வருசமாக அசையாமல் இருப்பவை பயிற்சியால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அந்த இடத்தில் புதிதாக வீக்கம், சீழ், காய்ச்சல், முதுகுத் துண்டு இருக்கும் பக்கம் காலில் விறைப்பு என்று வந்தால் தாமதிக்காமல் காட்டவேண்டும். இன்னுமொன்று, இது சிலம்பத்துக்கு அப்பாலும் பயன்படும்: எப்போதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால் உடம்பில் உலோகத் துண்டு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். அந்த மெஷின் பெரிய காந்தம். கண்ணுக்குக் கிட்டத் துண்டு இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். எக்ஸ்ரே எடுத்து வைத்திருந்தால் அதைக் கொண்டுபோங்கள். இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: சீனி வருத்தம் எட்டு வருசமாக. மெட்போமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறேன். வகுப்பின் நடுவில் ஒருநாள் கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. – 54, விசுவமடு

பதில்: கிளிக்லசைட், இன்சுலின் இரண்டும் சீனியை அளவுக்குக் கீழே இறக்கக்கூடியவை. பயிற்சியும் இறக்கும். இரண்டும் சேர்ந்து வேலைசெய்திருக்கும். வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால் வகுப்புக்கு முன் குத்திப் பாருங்கள். 100க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கற்றோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நடுக்கம் வந்தால் உடனே நிறுத்தி மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் குடித்து, பதினைந்து நிமிடம் இருந்து பாருங்கள். 'கொஞ்சம் பார்ப்பம்' என்று அந்தச் சுற்றை முடிக்க நிற்கவேண்டாம். கூடப் பழகுபவர் ஒருவருக்காவது உங்கள் வருத்தம் தெரிந்திருக்கவேண்டும். நடந்ததை அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்றுவார்கள்.

உங்களுக்கு வெறுங்கால் வேண்டாம். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் கல்லுக் குத்தியதே தெரியாது. மெல்லிய அடியுள்ள கன்வஸ் சப்பாத்துப் போடுங்கள், படுக்கமுன் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பாருங்கள். பிரஷருக்கு அட்டெனலோல் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் ஒரு சொல்: எவ்வளவு களைத்தாலும் உங்கள் நாடி அவ்வளவாக ஏறாது, ஆகவே நாடியை எண்ணிப் பார்த்துப் பயனில்லை. பயிற்சியின் நடுவில் ஒரு வசனம் பேசிப் பாருங்கள். பேசமுடிந்தால் சரி, இரண்டு சொல்லுக்கு மேல் வராவிட்டால் கூடிப்போச்சு. சான்சின் காட்டாவில் உடம்பை இறுக்கி மூச்சை அடைப்பதும் பிரஷரை ஏற்றும். பிரஷர்காரர்கள் அதைத் தளர்வாக, மூச்சை ஓடவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: 43. குமித்தேயில் (இருவர் மோதும் பயிற்சி) ஏ.எல். படிக்கிற பெடியன்களோடு விடுகிறார்கள். நேற்று ஒருவன் மூக்கில் போட்டான். திருப்பிப் போடாமல் எப்படி இருப்பது? – ஒட்டுசுட்டான்

பதில்: அவனுக்கு வேகம் இருக்கிறது, உங்களுக்குக் கடன் இருக்கிறது. அவனுக்குக் கை முறிந்தால் ஆறு கிழமை லீவு, உங்களுக்குக் கை முறிந்தால் வீட்டில் உலை வைப்பது யார்? வேகத்தை முதலே பேசி ஒப்புக்கொண்டு, தொடுகையில் நிறுத்தும் ஆட்களோடு மட்டும் ஆடுங்கள். முன்கூட்டிச் சொல்லி அடிக்கும் வகைக் குமித்தே நடுவயதுக்கு நல்ல பொருத்தம். தூரமும் நேரமும் கணிக்கும் திறமை அதில் வரும், அது பெடியனுக்கு இன்னும் வரவில்லை. தலையில் அடிபட்டுக் கிறுகிறுத்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சத்தியோ கூடிவரும் தலையிடியோ தூக்கக் கலக்கமோ என்றால் ஆஸ்பத்திரி. மூக்குக்கு ஐஸ் வையுங்கள். திருப்பிப் போடவேண்டாம்.

கேள்வி: காலையில் எழும்பி முதல் நாலு அடி வைக்கும்போது குதிக்கு மேல் நாணில் இறுக்கமும் நோவும். கயிறடிப்பதால் வந்ததா? – 45, முல்லைத்தீவு

பதில்: இருக்கலாம். கயிற்றை நிறுத்துங்கள், ஆனால் கட்டிலில் படுக்கவேண்டாம், நாணுக்கு வேலை வேண்டும். படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று இரண்டு காலாலும் எழும்பி, நோ உள்ள காலால் மட்டும் மெல்ல இறங்கவேண்டும். பதினைந்து தரம், மூன்று சுற்று, முழங்கால் நேராக. இன்னொரு மூன்று சுற்று சற்று மடக்கி. காலை மாலை இருவேளை, 12 கிழமை. சுவீடனில் அல்பிரட்சன் என்ற மருத்துவர் 1998இல் எழுதிய முறை இது, இன்றும் பயன்படுகிறது. செய்யும்போது கொஞ்சம் நோகும், அது எதிர்பார்த்ததே. பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் 'படார்' என்று பட்டு, முன்பாதத்தில் எழும்பமுடியாவிட்டால் நாண் அறுந்திருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி.

சிப்ரோபிளொக்சசின் வகை அன்ரிபயோட்டிக் அண்மையில் எடுத்தீர்களா என்றும் யோசியுங்கள். அது நாண்களைப் பலவீனமாக்கும். அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்கும் இன்னும் கூட. எடுத்திருந்தால் டாக்குத்தரிடம் சொல்லுங்கள், நோ போகும்வரை பாய்ச்சல் இல்லை.

கேள்வி: புரோட்டீன் மா வாங்கவேணுமா? – பூநகரி, கிளிநொச்சி, நெடுங்கேணி என்று பலர்

பதில்: காசு மிஞ்சிக் கிடந்தால் வாங்குங்கள். வயது போகப் போக உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நல்லது என்கிறார்கள், 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராமளவு. மீன், நெத்தலிக் கருவாடு, கௌப்பி, பயறு, உழுந்து, கச்சான், தயிர் எல்லாம் நம் ஊரில் கிடைப்பவை. காலையில் வெறும் பாணும் சம்பலும், மத்தியானம் மலைபோல் சோறும் ஒரு துண்டு மீனும் என்ற பழக்கத்தில்தான் குறை. காலைக்கும் புரதம் வைக்கப் பழகுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவர்கள் கிளினிக்கில் கேட்டே சாப்பிடவேண்டும்.

கேள்வி: ஐம்பதில் கறுப்புப் பட்டி எடுக்க விடுவார்களா? – மாங்குளம்

பதில்: விடுவார்கள். தரம் பிரித்துப் பட்டம் கொடுக்கும் இந்த வழக்கத்தை ஜூடோவுக்காகத் தொடங்கியவர் ஜிகொரோ கானோ. முதல் 'டான்' பட்டங்களை 1883இல் கொடுத்தார், கராத்தே பிறகுதான் அதை எடுத்துக்கொண்டது. வயது கூடிவிட்டது என்று அதில் தடை இல்லை. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே, உயர உதைக்கும் பாய்ச்சலுக்கும் பதிலாக என்ன காட்டலாம் என்று சங்கத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை அன்றைக்கு வரும் பரீட்சகர் அறியமாட்டார். கட்டணத்தையும் முதலே கேளுங்கள், பட்டியின் விலை வேறு, சான்றிதழின் விலை வேறு.

கேள்வி: சோளகம் அடிக்கும் மாதங்களில் எத்தனை மணிக்குப் பழகுவது? – அக்கராயன்

பதில்: விடிய ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முன் முடியுங்கள். பின்னேரம் என்றால் ஆறுக்குப் பிறகுதான். அதற்கு முன் சீமெந்துத் தரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். தொடங்குமுன்னும் நடுவிலும் தண்ணீர். கனக்க வியர்ப்பவர்கள் முடிந்ததும் உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ குடிக்கலாம், பிரஷர்காரருக்கு உப்பில்லாமல். விடிய எழும்பும் உடம்பு இறுகியிருக்கும், ஆகவே முதல் பதினைந்து நிமிடம் நடையும் கைகால் சுழற்றலும் மட்டும். வளவில் புல்லுத் தரையில் பழகுபவர்கள் இருட்டில் வெறுங்காலோடு இறங்கமுன் ரோச் அடித்துப் பாருங்கள். அந்த நேரம் புடையன் பாம்பும் வெளியில் திரியும்.